மூன்றாந்தரம்

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில்
இரவுத் துண்டு எழுதுகிறவள் நான்.
துண்டுப் புத்தகத்துக்கு அடியில் உயிரியல், முதல் அலகு.
முதல்தரம் இரண்டு எஸ், ஒரு எஃப்.
இரண்டாந்தரம் மூன்று எஸ்.
இதற்கு மேல் திணைக்களம் தராது.

நீர் மூலக்கூறு வளைந்தது என்கிறது புத்தகம்.
ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்க
ஐதரசன் இரண்டும் சற்று வெறுமையாய் நிற்கின்றன.
பெயர் என்னவோ பங்கீட்டு வலுப் பிணைப்பு.
எங்கள் வளவையும் பங்கீடு என்றுதான் மூன்றாய்ப் பிரித்தார்கள்,
கிணறு இருந்த பக்கம் பெரிய மாமாவுக்குப் போனது.
முனைவுத்தன்மை எனக்கு அன்றைக்கே
விளங்கியிருக்க வேண்டும்.

பலகைக்குக் கீழே உப்புத்தண்ணித் தொட்டி.
பூச்சியத்துக்குப் பத்துப் பாகை கீழே போயும்
உறையாமல் கறுப்பாய் அசைகிறது.
சோடியம் ஒன்றை ஒரு கும்பலும்
குளோரைட்டு ஒன்றை இன்னொரு கும்பலுமாய்
நீர் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறது,
கட்டியாக அதற்கு நேரமில்லை.
அதற்குள் இறக்கிய தகர அச்சுகளில்
நல்ல தண்ணி மட்டும் கல்லாகிறது.
நடுவில் ஒரு தகரம், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு 'கடல்மாலை' வள்ளக்காரர் வந்தார்.
போனதரம் கொண்டுபோன ஐஸ் சரியில்லையாம்,
மீன் தண்ணியாய்ப் போனதாம்.
மெல்ல மெல்ல உறைந்தால்
ஊசி ஊசியாய்ப் பளிங்கு வளர்ந்து
கலம் கலமாய்க் கிழித்துவிடும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"மூணு எஸ் எடுத்த புள்ளைதானே நீ?" என்றார்.
நாற்பது கட்டிக்குத் துண்டு எழுதினேன்.

இரண்டு நாற்பதுக்கு அது வந்தது.
மணம் என்று சொல்ல முடியாது, அறை விழுந்த மாதிரி.
கம்பிரசர் அறையிலிருந்து நிரோஜன்
கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.
வால்வு. அமோனியா.
நைதரசன் ஒன்று, ஐதரசன் மூன்று,
தலையில் சோடியாய் இலத்திரன் இரண்டு சும்மா கிடக்கும்.
ஈரத்தைத் தேடித்தான் வரும் அது:
கண், மூக்கு, தொண்டை,
மனிசரில் எங்கெங்கே ஈரமோ அங்கெல்லாம்.
அப்போ எங்களுக்கு முன்னால் வேறு ஈரத்தைக் கொடு.

யோசித்தேனா, படித்தது யோசித்ததா, தெரியாது.
துவாயை வாளிக்குள் அமிழ்த்தி அவன் முகத்தில் கட்டினேன்.
அவன் கிறுகி உள்ளே போனான்.
நான் வாசலில் நின்று
குழாயால் தண்ணியைப் புகாராய் அடித்தேன்,
ஒரு மூலக்கூறாவது வெளியே தப்பக்கூடாது என்கிற மாதிரி.
வால்வு பூட்டுகிற சத்தம் கேட்டது.
மறுகா அவன் இருமுகிற சத்தம்.
இருமினால் உயிரோடு இருக்கிறான்.

கால் மணித்தியாலம் அவன் கண்ணைக் கழுவவைத்தேன்.
பிறகு எனக்கு ஒரு பைத்தியம்.
துவாயைப் பிழிந்த தண்ணி கோப்பையில் இருந்தது,
பாசிச்சாயத்தாள் இல்லை.
கேற்றடியில் செவ்வரத்தை நின்றது.
ஒரு இதழைக் கசக்கிப் போட்டேன்.
சிவப்பு மங்கி, ஊதாவாகி,
பாசி பிடித்தாற்போல் பச்சையாய்ப் போனது.
"பாரடா, மூலம்!" என்று கத்தினேன்.
நிரோஜன் வீங்கிய கண்ணால் பார்த்தான்.
"இதுக்கு எத்தனை புள்ளி?"
"நாலு. காரணம் எழுதினால்தான்."

ஐந்தரைக்கு முதல் வள்ளம்.
எழுதிய துண்டில் ஈரக்கை பட்டு
நீலமை கடதாசி நாருக்குள் ஏறிப் பரவியது.
அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது.
வாளிக்குள் உடைந்த ஐஸ் மிதந்தபடி,
பச்சை இதழ் அலகு ஒன்றுக்குள்.
வள்ளக்காரர் துண்டைத் தூக்கிப் பிடித்து
இது ஆறா, எட்டா என்று கேட்டார்.